டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்யத்தான் வேண்டுமா?

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 46 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். வீட்டிலேயே செட்டிநாட்டுப் பலகாரம் போட்டு விற்பவர். தேன்குழல், சீப்புச்சீடை, மணகோலம், அதிரசம் எல்லாம் உண்டு. நாத்தனாரும் இன்னொரு பெண்ணும் கூடமாட உதவுகிறார்கள். ஏழு வாரத்துக்கு முன்னால் மாவு டின்னைத் தரையிலிருந்து தூக்கி, நின்ற இடத்திலேயே இடுப்பைத் திருப்பி மேடையில் வைக்கப் போனபோது சுரீர் என்று பிடித்திருக்கிறது. ஒரு வாரத்தில் இடுப்பு வலி கொஞ்சம் தணிந்து, வலி இடது பிட்டத்திலிருந்து பின்தொடை, கெண்டைக்கால் வழியாகக் கால் கட்டைவிரல் வரை இறங்கிவிட்டது. இருமினால், தும்மினால் கரண்ட் அடித்த மாதிரி இழுக்கிறது. பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போயிருக்கிறது.

எம்.ஆர்.ஐ எடுத்திருக்கிறார்கள். எல்4–எல்5 டிஸ்க் (இடுப்பின் நாலாவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவில் உள்ள மெத்தை போன்ற வட்டு) இடதுபக்கம் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, அதற்கு அடுத்துக் கீழே உள்ள எல்5–எஸ்1 லேசாக உப்பியிருக்கிறது, பொதுவாகத் தேய்மானம் என்று ரிப்போர்ட். பார்த்த டாக்டர் ஒருவர், உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் விழுந்துவிடும் என்றாராம். சொந்தபந்தமோ, ஆபரேஷன் செய்தால்தான் கால் விழும், கத்தி மட்டும் வைக்காதே என்கிறதாம். நாட்டு வைத்தியர் ஒருவர், மூன்று முறை வழித்துவிட்டால் விலகிய டிஸ்க்கை உள்ளே தள்ளிவிடலாம் என்கிறார். இதற்கு நடுவில் வாசகி பெல்ட்டை இரவும் பகலும் கழற்றாமல், பட்டாலைத் தரையில் பாய் விரித்துப் படுத்தே கிடக்கிறார். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய வலி மாத்திரை ஐந்து வாரமாக ஓடுகிறது. பி.பி மாத்திரையும் உண்டு. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். ‘ஆபரேஷன் செய்துகொள்ளவா, வழித்துவிட்டுக்கொள்ளவா, தொழிலையே விட்டுவிடவா?’ என்பது கேள்வி.

சகோதரி, இந்த மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது: ‘இடது கால் செருப்பு நடக்கும்போது தானாகக் கழன்றுவிடுகிறது, பழசாகிவிட்டதால் இருக்கலாம்.’ வலது கால் செருப்பும் அதே வயதுதானே?

முதலில் அந்தச் செருப்பு

எல்4–எல்5 டிஸ்க் பிதுங்கும்போது பெரும்பாலும் நசுங்குவது எல்5 என்ற நரம்பு. பாதத்தின் மேல்பக்கத்துக்கும் கட்டைவிரலுக்கும் உணர்ச்சி தருவது அது. கட்டைவிரலையும் பாதத்தையும் மேலே தூக்குகிற தசைகளுக்கு உத்தரவு போவதும் அதன் வழியாகத்தான். செருப்பு கழல்வதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். மரத்துப்போனதால் செருப்பு காலில் இருப்பதே தெரியாமல் போகலாம். அல்லது விரல்கள் செருப்பைப் பிடிக்கும் பலத்தையே இழந்திருக்கலாம். முதலாவது என்றால் காத்திருக்க இடமுண்டு. இரண்டாவது என்றால் கணக்கே மாறிவிடும்.

இன்றைக்கே வீட்டில் இதைப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கால் கட்டைவிரல்களையும் மேல்நோக்கி நிமிர்த்துங்கள். நாத்தனாரை எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு விரலையும் தன் விரலால் கீழே அழுத்தச் சொல்லுங்கள். வலது விரல் எதிர்த்து நிற்க, இடது விரல் சட்டென்று பணிந்துபோகிறதா? அடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு முன்பாதத்தைத் தூக்கிக் குதிகாலால் மட்டும் பத்து அடி நடங்கள். இடது பாதம் தொப்பென்று விழுகிறதா?

வித்தியாசம் தெரிந்தால் இந்த வாரமே முதுகெலும்பு அறுவை செய்யும் எலும்பு மருத்துவர் அல்லது நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவர் உங்களை நேரில் சோதித்துப் பார்க்க வேண்டும். பலவீனம் நாளுக்கு நாள் கூடுகிறது, படியேறும்போது விரல் தட்டுகிறது என்றால் அன்றைக்கே. இரண்டு காலும் சமம் என்றால், கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு மேலே படியுங்கள்.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் கவனியுங்கள். மலம், சிறுநீர் கழிக்கும் இடத்தைச் சுற்றி, சேணத்தில் உட்காரும்போது படுகிற பகுதி முழுவதும் மரத்துப்போவது, சிறுநீர் முட்டியும் வராமல் நிற்பது, அல்லது தெரியாமலே போய்விடுவது, இரண்டு காலும் ஒருசேரத் துவள்வது: இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கீழ்முதுகில் உள்ள நரம்புக் கொத்து முழுவதும் நசுங்குகிறது என்பதன் அடையாளம் அது. அன்று இரவே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய நிலை. டிஸ்க் நோயாளிகளில் மிகச் சிலருக்குத்தான் இது வரும். வந்தால் மணிக்கணக்குத் தாமதத்தால் வரும் பாதிப்புகூடக் காலத்துக்கும் நிற்கலாம். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இராத்திரி படுத்தால் கூடுகிற வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோய் போன்றவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை.

ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

ரிப்போர்ட்டைப் படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் மூன்று இடத்தில் கோளாறு சொல்லியிருப்பதால் முதுகே உளுத்துவிட்டது என்று நினைத்துவிட்டீர்கள். இடுப்பு வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. 40 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 68 பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது, 50 பேருக்கு டிஸ்க் உப்பியிருந்தது. 50 வயதில் அது முறையே 80, 60. இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். தலை நரைப்பது போல டிஸ்க்கும் வயதாகிறது. ஆகவே ரிப்போர்ட்டில் உள்ள ‘தேய்மானம்’ என்ற வரியையும், எல்5–எஸ்1 உப்பலையும் நீங்கள் ஒதுக்கிவிடலாம். உங்கள் வலி போகும் பாதையோடு பொருந்துவது எல்4–எல்5 பிதுக்கம் ஒன்றுதான். ஸ்கேன் படத்தைவிட உங்கள் கால் சொல்வதைத்தான் மருத்துவர் முதலில் கேட்க வேண்டும். உங்களைப் படுக்க வைத்துக் காலை நீட்டித் தூக்கிப் பார்க்காமல், விரல் பலத்தைச் சோதிக்காமல், படத்தை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஆபரேஷன் என்று சொல்லியிருந்தால், இன்னொருவரிடம் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. எந்த நல்ல மருத்துவரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பது உங்களுக்குச் சுலபமாகப் புரியும். பூரணக் கொழுக்கட்டையை முன்பக்கம் அழுத்தினால் பூரணம் பின்பக்கம் விரிசல் வழியாக வரும் அல்லவா? டிஸ்க்கின் வெளிச்சுவர் நார் அடுக்குகளால் ஆனது, உள்ளே கூழ் மாதிரி ஒரு பொருள். குனிந்து, பாரம் தூக்கி, அதே நிலையில் திரும்பும்போது பின்சுவரில் விரிசல் விட்டு உள்ளிருப்பது நரம்புப் பக்கம் பிதுங்குகிறது. முழு டிஸ்க்கும் இடம்விட்டு எங்கும் நகர்வதில்லை. மேலும் கீழும் உள்ள எலும்போடு அது கெட்டியாக ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அதனால் வழித்துவிட்டு அதை உள்ளே தள்ள யாராலும் முடியாது. ஆனால் தள்ள வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. வெளியே வந்த பகுதியை உடம்பு அந்நியப் பொருளாகக் கண்டு, வெள்ளணுக்களை அனுப்பி மெல்ல மெல்லக் கரைக்கிறது. கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: லேசாக உப்பியதைவிட, சுவரைக் கிழித்துப் பெரிதாக வெளியே வந்ததுதான் அதிகம் கரைகிறது. சில மாதங்கள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தால் பலருக்கு அது பாதியாகியிருக்கும், சிலருக்கு இருந்த இடமே தெரியாது. வழித்துவிட்ட வைத்தியருக்குப் பேர் கிடைப்பதும் பல சமயம் இதனால்தான்!

வைத்தியரை நான் பழிக்கவில்லை. இளஞ்சூட்டில் எண்ணெய் தடவி மெதுவாகப் பிடித்துவிட்டால் இறுகிய தசை தளரும், அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வரும். தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். ஆனால் முதுகில் ஏறி மிதிப்பது, காலை மடக்கி ‘டக்’ என்று முறுக்குவது, சொடுக்கு எடுப்பது வேண்டாம். அதுவும் கால் விரலில் பலவீனம் இருக்கிறதா என்று தெரியும் முன்னால் வேண்டவே வேண்டாம்.

ஆபரேஷன் பற்றி இரண்டு பயம்

செய்யாவிட்டால் கால் விழும் என்றவரும், செய்தால் கால் விழும் என்ற உறவினர்களும் ஒரே பயத்தின் இரண்டு முனையைப் பிடித்து இழுக்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டது நீங்கள்.

நெதர்லாந்தில் உங்களைப் போலவே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடுமையான கால் வலியோடு இருந்த 283 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். முடிவு 2007இல் வந்தது. ஒரு பிரிவுக்குச் சீக்கிரமே ஆபரேஷன், மற்றவர்களுக்குப் பொறுத்திருந்து வைத்தியம். ஆபரேஷன் ஆனவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. பொறுத்திருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேர் பின்னால் எப்படியும் ஆபரேஷனுக்கு வந்தார்கள். ஆனால் ஒரு வருட முடிவில் இரண்டு பிரிவிலும் நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தார்கள். ஆக, பலம் குறையாத காலுக்கு ஆபரேஷன் என்பது சீக்கிரம் வலி தீர்வதற்கான ஒரு வழி. செய்யாவிட்டால் கால் போய்விடும் என்று மிரட்டிச் செய்விக்க வேண்டியது அல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள். பாதத்தைத் தூக்கவே முடியாத அளவு பலவீனமானவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. உங்கள் செருப்பைப் பற்றி இவ்வளவு நச்சரிப்பது அதனால்தான்.

ஆபரேஷனில் நரம்பு வெட்டுப்பட்டு இரண்டு காலும் போய்விடும் என்ற பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை வருவதில்லை. இடுப்பின் மேல்பகுதியில், எல்1–எல்2 அளவிலேயே முடிந்துவிடுகிறது. உங்கள் பிதுக்கம் இருக்கும் இடத்தில் ஓடுவது தனித்தனி நரம்பு வேர்கள்தான். பிதுங்கிய துண்டை மட்டும் நுண்ணோக்கி வைத்து எடுக்கும் சிகிச்சையில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். கிருமித் தொற்று, நரம்பு உறையில் கிழிசல், நரம்பில் காயம் எல்லாம் நடக்கக்கூடியவைதான். பின்னாளில் அதே டிஸ்க் மறுபடி பிதுங்குவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு நேர்கிறது. ஆனால் படுத்த படுக்கை என்பது மிக மிக அரிது. அது நன்றாகத் தீர்ப்பது கால் வலியை. இடுப்பு வலிக்கு அவ்வளவு உறுதி தர முடியாது. முதல்முறை பிதுங்கிய டிஸ்க்குக்கு எலும்பில் ஸ்க்ரூ, கம்பி வைத்துப் பூட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் ஏன் என்று அவசியம் கேளுங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

என் யோசனை இது. விரலில் பலம் குறைந்திருந்தால் தள்ளிப்போடாமல் ஆபரேஷன் பற்றிப் பேசுங்கள். குறையவில்லை என்றால் இன்னும் ஐந்தாறு வாரம் கொடுங்கள். அதற்குள் கால் வலி மேலே ஏறிக்கொண்டே வந்தால் நல்ல காலம். அசையாமல் அப்படியே நின்று, தூக்கத்தையும் நடையையும் கெடுத்துக்கொண்டே இருந்தால், நரம்பு வேருக்குப் பக்கத்தில் போடும் ஸ்டீராய்டு ஊசியா ஆபரேஷனா என்று உட்கார்ந்து முடிவெடுக்கலாம். அந்த ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும், அவ்வளவுதான். ஆனால் சிலருக்கு அந்தச் சில வாரங்களே போதுமாக இருக்கிறது. தையில் கல்யாணம் இருக்கிறது, அதற்குள் நடமாட வேண்டும் என்பதும் நியாயமான காரணம்தான். அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரைகள்

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பி.பி உள்ளவர் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை ஐந்து வாரம் தினமும் போடுவது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் ஆபத்து. பி.பி-யும் ஏறும். இன்றோடு நிறுத்துங்கள். பி.பி-யை அளந்து, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் செய்துகொண்டு, அதன் பிறகு மருத்துவர் எழுதிக் கொடுப்பதை அவர் சொன்ன நாள்கள் மட்டும் போடுங்கள். ‘நரம்பு மாத்திரை’ என்று கொடுத்திருப்பது பிரிகாபலின். டிஸ்க் கால் வலிக்கு அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை, தலைசுற்றல்தான் அதிகம் என்று 2017இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அந்த மயக்கத்தோடு கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பதை நினைத்தால் எனக்கே பகீரென்கிறது. ஆனால் வாரக்கணக்கில் போட்டுவிட்டதால் அதைத் திடீரென்று நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். வைட்டமின் பி12 குறைபாடு இருந்தாலொழிய நரம்பு ஊசிகளால் டிஸ்க்குக்குப் பயனில்லை.

படுக்கையும் பெல்ட்டும்

படுத்தே கிடந்தால் டிஸ்க் ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டிஸ்க்குக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு. நாம் அசையும்போது அழுத்தம் ஏறி இறங்குவதால்தான் அதற்கு ஊட்டமே போகிறது. வலி உச்சத்தில் இருக்கும் ஓரிரு நாள் படுக்கலாம். வாரக்கணக்கில் படுத்தால் முதுகைத் தாங்கும் தசைதான் வற்றும். தரையில் படுப்பதும் கட்டாயம் இல்லை. எழுந்திருக்கும்போது நீங்கள் படும் பாடே அதற்குச் சாட்சி. ரொம்பவும் அமுங்காத மெத்தை போட்ட கட்டில் போதும். ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்துப் படுங்கள். பெல்ட்டை வேலை நேரத்தில் ஒரு மணி, இரண்டு மணி போட்டுக் கழற்றிவிடுங்கள்.

காலையும் மாலையும் வளவைச் சுற்றியாவது பத்துப் பத்து நிமிஷம் நடங்கள். பிசியோதெரபிஸ்ட் உதவியோடு, குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் தூக்கும் பயிற்சியை ஆரம்பிக்கலாம். அப்போது கணுக்கால் வலி முழங்காலுக்கும், முழங்கால் வலி பிட்டத்துக்கும் ஏறி வந்தால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் பயப்படாதீர்கள், அது குணமாகும் வழி. மாறாக வலி விரலை நோக்கி இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். குனிந்து கால் விரலைத் தொடுகிற ஆசனங்கள் இப்போதைக்கு வேண்டாம்.

தொழிலை விடவா என்ற கேள்விக்கு

வேண்டாம். வேலை செய்கிற விதத்தை மாற்றினால் போதும். 45 வயதுத் தன்னார்வலர் ஒருவரின் டிஸ்க்குக்குள்ளேயே அழுத்தமானியைச் செருகி, ஜெர்மனியில் அளந்து பார்த்து 1999இல் வெளியிட்டார்கள். சும்மா நிற்கும்போது உள்ள அழுத்தத்தைப் போல நாலரை மடங்கு, முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கும்போது வந்தது. அதே பாரத்தை உடம்போடு அணைத்துப் பிடித்தபோது இரண்டு மடங்குதான். உங்கள் மாவு டின் கதை அந்தக் கணக்கில் அப்படியே இருக்கிறது.

மாவை 15 கிலோ டின்னில் வைக்காமல் ஐந்து கிலோ டப்பாக்களில் பிரித்து, இடுப்பு உயர அலமாரியில் வையுங்கள். எண்ணெய் டின்னை இருவர் பிடியுங்கள், அல்லது தரையில் இருந்தபடியே பம்ப்பால் எடுங்கள். எதை நகர்த்தினாலும் இடுப்பைத் திருப்பாமல் பாதத்தை எடுத்து வைத்து உடம்போடு திரும்புங்கள். மணையில் உட்கார்ந்து குனிந்து தேன்குழல் பிழிவதுதான் உங்களுக்கு எமன்: கால் மடங்கி, முதுகு வளைந்து, தோளால் அச்சை அழுத்தி, மூச்சை அடக்கி, அப்படியே மணிக்கணக்கில். அடுப்பை மேடைக்கு ஏற்றுங்கள். அழுத்துகிற அச்சுக்குப் பதில் திருகுகிற அச்சை வாங்கி, மேஜை உயரத்தில் நின்றபடி தட்டில் பிழிந்து சட்டியில் போடுங்கள். நிற்கும்போது ஒரு காலை மாற்றி மாற்றிச் சின்னப் பலகைமேல் வைத்துக்கொண்டால் இடுப்புக்கு இதம். எந்த நிலையிலும் அரை மணிக்கு மேல் இருக்காதீர்கள். கல்யாணப் பலகாரத்துக்குப் பதம் பார்ப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும். பிழிவதும் தூக்குவதும் இந்தத் தடவை மற்றவர்களுக்கு. ‘நாங்கள் அந்தக் காலத்தில் கல்லுரலில் இடித்தோம், எங்களுக்கு டிஸ்க் வரவில்லை’ என்று மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கும் வந்தது. ‘வாயுப் பிடிப்பு’ என்று பத்துப் போட்டுக்கொண்டு படுத்தார்கள்.

செலவைப் பற்றி. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழியுண்டு. ஆபரேஷன் என்று முடிவானால், எந்த மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு பிறகு சேருங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை அரசு இராசாசி மருத்துவமனை இரண்டிலும் எலும்புப் பிரிவு உண்டு. பிசியோதெரபிக்குத் தினம் டவுனுக்கு அலைய முடியாது என்கிறீர்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் ஃபிலிமையும் சி.டி-யையும், இதுவரை போட்ட எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். அந்தச் செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள். நடந்து காட்டச் சொல்வார்கள்.